மனதில் எழுப்பிய கோயில்: சுவிஸ் மண்ணில் இறைவனோடு எமக்குள்ள உறவு

கோடை காலம் வந்துவிட்டால் சுவிற்சர்லாந்தின் தமிழ் ஆலயங்களில் கொடியேற்றம், தேர், தீர்த்தம் என்று திருவிழாக்கள் தொடங்கிவிடும். வேட்டி, சேலை உடுத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தேர் பார்க்கப் போகிறோம். வடம் பிடிக்கிறோம், காவடி பார்க்கிறோம், அன்னதானத்தில் தெரிந்தவர்களோடு இருந்து சாப்பிடுகிறோம். ஊரில் நின்ற ஒரு நிறைவோடு வீடு திரும்புகிறோம். மறுநாள் விடிய நான்கு மணிக்கு எழும்பி வேலைக்கு ஓடும்போது அந்த நிறைவில் எவ்வளவு எம்மோடு மிஞ்சியிருக்கிறது?

இது ஆலயங்களைக் குறைசொல்வதற்கான கேள்வி அல்ல. இந்த நாட்டில் ஆலயம் இல்லாதிருந்தால் எமது பிள்ளைகளில் பலருக்குத் திருநீறு என்றால் என்னவென்றே தெரியாமல் போயிருக்கும். ஆனால் ஆலயத்துக்குப் போவது வேறு, இறைவனோடு எமக்கென்று ஓர் உறவு இருப்பது வேறு. முதலாவது எம்மிடம் நிறையவே இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி நாம் வீட்டில்கூடப் பேசுவது குறைவு. அந்த உறவைப் பற்றிச் சைவம் என்ன சொல்கிறது, இந்த நாட்டு வாழ்க்கைக்குள் அதை எப்படி வளர்க்கலாம் என்பதையே இக்கட்டுரையில் பார்க்கிறோம்.

பூசலார் கட்டிய கோயில்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் பூசலார் என்ற நாயனாரின் வரலாறு வருகிறது. திருநின்றவூரைச் சேர்ந்த அவருக்குச் சிவனுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று ஆசை. கையில் பணம் இல்லை. தேடித் திரிந்தும் கிடைக்கவில்லை. ஆகவே மனதுக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். மனதிலேயே பொருள் சேர்த்து, தச்சரை அழைத்து, நல்ல நாள் பார்த்து, அடிநிலையிலிருந்து சிகரம் வரை ஒவ்வொன்றாக எழுப்பினார். குடமுழுக்குக்கும் நாள் குறித்தார்.

அதே நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ அரசன் கற்கோயில் ஒன்றைக் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு ஆயத்தமாக இருந்தான். இறைவன் அரசனின் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலுக்குத் தாம் அன்று போக வேண்டியிருப்பதால் நாளை மாற்றி வைக்கும்படி சொன்னாராம். அரசன் தேடிப்போய்ப் பார்த்தபோது ஊரில் கோயில் எதுவும் இல்லை, பூசலார் மட்டுமே இருந்தார்.

இந்தக் கதை வேறு யாரையும்விடப் புலம்பெயர்ந்த எமக்கு நன்றாக விளங்க வேண்டும். 1983 ஜூலைக்குப் பின் தஞ்சம் கோரி இந்த நாட்டுக்கு வந்தவர்களுக்கு இங்கே கோயில் இருக்கவில்லை. அகதி முகாமின் கட்டில் தலைமாட்டில் ஒட்டிய ஒரு முருகன் படம், பயணப் பைக்குள் அம்மா மடித்து வைத்துவிட்ட திருநீற்றுப் பொட்டலம், மொழி தெரியாத ஊரில் இரவில் மனதுக்குள் சொன்ன ஐந்தெழுத்து. பலருடைய முதல் ஆலயம் இவ்வளவுதான். வதிவிட அனுமதி கிடைக்குமா, திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று தெரியாத அந்த நாட்களில் இறைவனோடு பேசியதுபோல் பிறகு எப்போதாவது பேசினோமா என்று அந்தத் தலைமுறை தன்னைத்தானே கேட்டுப் பார்க்கலாம்.

சுவிசில் எழுந்த ஆலயங்கள்

மனதில் இருந்த கோயில்கள் மெல்ல மெல்ல மண்ணிலும் எழுந்தன. சூரிச் நகரை அடுத்த அட்லிஸ்வில்லில் சிவசுப்பிரமணியர் ஆலயம் 1994இல் தொடங்கியது. இன்று பல மாநிலங்களில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் அம்மனுக்கும் கோயில்கள் உள்ளன. பெரும்பாலானவை தொழிற்சாலைக் கட்டடங்களிலும் களஞ்சியங்களிலும் வாடகைக்கு இடம் எடுத்துத் தொடங்கப்பட்டவை. இங்குள்ள பெரிய கிறிஸ்தவ சபைகளுக்கு மாநிலங்கள் பலவற்றில் அரச அங்கீகாரமும் சபை வரியும் உண்டு. எமது ஆலயங்களுக்கு அவை இல்லை. சங்கங்களாகப் பதிந்து, எம்மவர்கள் உழைத்த காசில் நடத்தப்படுகின்றன. மணி அடிப்பதற்கும் தேர் வீதியுலா வருவதற்கும் ஊராட்சியோடும் அயலவரோடும் பேசி இணங்க வேண்டும்.

பேர்ண் நகரின் ஐரோப்பாத் திடலில் 2014 டிசம்பரில் பல்சமய இல்லம் திறக்கப்பட்டது. இந்துக்கள், இஸ்லாமியர், கிறிஸ்தவர், பௌத்தர், அலவியர் ஆகிய ஐந்து சமயத்தவருக்கும் ஒரே கூரையின் கீழ் வழிபாட்டிடங்கள் அமைந்தன. அங்கே சைவநெறிக்கூடத்தின் ஞானலிங்கேச்சுரர் ஆலயம் இருக்கிறது. பூசைகள் தமிழில் நடக்கின்றன, பெண்களும் கருவறையில் நின்று பூசை செய்கின்றனர். இதை வரவேற்பவர்களும் உண்டு, வடமொழி ஆகம முறையே வேண்டும் என்பவர்களும் உண்டு. அந்த விவாதத்துக்குள் நாம் இங்கே போகவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: பூசையில் சொல்லப்படுவது விளங்கும்போது, வழிபடுபவர் பார்வையாளராக நிற்பதில்லை, தானும் சேர்ந்து சொல்கிறார். இறைவனோடு உறவு என்பது தொடங்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

உறவு புதிதல்ல

சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்ற மூன்றைச் சொல்கிறது. பதி இறைவன். பசு உயிர். பாசம் உயிரைக் கட்டியிருக்கும் ஆணவம், கன்மம், மாயை. இம்மூன்றும் தொடக்கம் இல்லாதவை. இந்தக் கொள்கையில் எமக்கு வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. உயிர் என்று இருக்கிறதோ அன்றே இறைவனும் அதனோடு இருக்கிறான். ஆகவே அவனோடு நாம் புதிதாக உறவு ஏற்படுத்த வேண்டியதில்லை. இருக்கும் உறவை ஆணவம் மறைத்திருக்கிறது. வழிபாடு, விரதம், ஓதல், தியானம் எல்லாம் அந்த மறைப்பை விலக்குவதற்கான வழிகள்.

இதை உணர்ந்தால் பயம் குறையும். "ஊரைவிட்டு வந்துவிட்டோம், ஆசாரம் தவறிவிட்டது, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக முடியவில்லை, இறைவன் எம்மைக் கைவிட்டுவிடுவானோ" என்று வருந்தும் பெரியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். தொடக்கமே இல்லாத ஓர் உறவு ஒரு விமானப் பயணத்தால் அறுந்துபோகாது.

நான்கு வழிகள், நான்கு உறவுகள்

சைவம் எல்லோரையும் ஒரே வழியில் நடக்கச் சொல்லவில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு படிகளையும், அவற்றுக்கு ஏற்ற நான்கு உறவு முறைகளையும் வகுத்திருக்கிறது. சமயகுரவர் நால்வரையும் இந்த நான்குக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்வது மரபு.

முதலாவது தாச மார்க்கம். ஆண்டானுக்கு அடியவன் தொண்டு செய்யும் உறவு. உழவாரம் ஏந்திக் கோயில் வீதிகளில் புல் செதுக்கிய திருநாவுக்கரசர் இதற்கு எடுத்துக்காட்டு. ஆலயத்தில் பாத்திரம் கழுவுபவர், பூமாலை கட்டுபவர், திருவிழா முடிந்தபின் யாரும் சொல்லாமலே மண்டபத்தைக் கூட்டுபவர் எல்லோரும் இந்த வழியில் நிற்பவர்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண், தான் குளிப்பாட்டும் சுவிஸ் மூதாட்டியையும் இறைவன் இருக்கும் உயிராக நினைத்துச் செய்தால் அதுவும் தொண்டே.

இரண்டாவது சற்புத்திர மார்க்கம். தந்தைக்குப் பிள்ளை என்ற உறவு. சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதில் அம்மையின் பால் உண்ட திருஞானசம்பந்தர் இதற்குச் சான்று. விளக்கேற்றி, பூ வைத்து, நீராட்டி, அமுது படைத்துப் பூசை செய்யும் கிரியை நெறி இது. அப்பா, அம்மா என்று இறைவனை அழைக்கத் தெரிந்த எவரும் இந்த உறவில் இருக்கலாம்.

மூன்றாவது சக மார்க்கம். தோழமை உறவு. இறைவனைத் தூது அனுப்பும் அளவுக்கு உரிமை எடுத்துக்கொண்ட சுந்தரர் இதற்கு உரியவர். மனதை ஒருமுகப்படுத்தி உள்ளேயே வழிபடும் யோக நெறி இதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

நான்காவது சன்மார்க்கம். திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் இறைவனே குருவாக வந்து ஆட்கொண்ட மாணிக்கவாசகரின் ஞான நெறி. "நான்" என்பது கரைந்து, அவனே எல்லாமாக நிற்கும் நிலை.

இவற்றில் எது எமக்குப் பொருந்தும் என்று பார்ப்பதே தனிப்பட்ட உறவுக்கான முதல் அடி. ஒரே வீட்டில் அம்மாவுக்குப் பூசை பிடிக்கும், அப்பாவுக்குக் கோயில் தொண்டு பிடிக்கும், மகளுக்குக் கண்ணை மூடி அமைதியாக இருக்கப் பிடிக்கும். மகள் பூசை அறைக்கு வருவதில்லை என்று சண்டை பிடிப்பதற்கு முன், அவளும் வேறு ஒரு கதவால் அதே வீட்டுக்குள்தான் வருகிறாளோ என்று யோசிக்கலாம்.

கோபித்துக்கொண்டவர்களுக்கும் இடமுண்டு

எமது சமூகத்தில் இறைவனோடு பேசாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள், பிள்ளை என்ன ஆனான் என்று இன்றுவரை தெரியாத பெற்றோர், சுவாமிப் படத்தைத் திருப்பி வைத்தவர்கள். அவர்களிடம் போய் "எல்லாம் கர்மவினை" என்று சொல்வது ஆறுதல் ஆகாது. அது புண்ணில் உப்பு வைப்பது.

பெரியபுராணத்தில் திலகவதியார் என்ற பெண் இருக்கிறார். தாயும் தந்தையும் இறந்தார்கள். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். தானும் உயிர்விட நினைத்தவர், தம்பி தனித்துவிடுவான் என்பதற்காக உயிர் தாங்கினார். அந்தத் தம்பியும் வேறு சமயத்துக்குப் போய்விட்டார். திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகிட்டு, மாலை கட்டிக்கொண்டு தம்பிக்காக வேண்டியபடி இருந்தார் அந்த அக்கா. சூலை நோயோடு தம்பி திரும்பி வந்தபோது திருநீறு கொடுத்து ஏற்றுக்கொண்டார். அந்தத் தம்பிதான் திருநாவுக்கரசர். போரில் எல்லாம் இழந்த ஒரு பெண் துளசிச் செடிபோல ஓரிடத்தில் வேரூன்றி நின்றதால் எமக்கு அப்பர் கிடைத்தார்.

சுந்தரர் கதை வேறு விதமானது. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். அதற்காக அவர் இறைவனோடு பேசுவதை நிறுத்தவில்லை. முறையிட்டார், உரிமையோடு குறை சொல்லியும் பாடினார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார் என்கிறது வரலாறு. அந்தப் பதிகங்கள் திருமுறையிலேயே சேர்ந்திருக்கின்றன. அதாவது, இறைவனோடு கோபித்துப் பாடியதையும் எமது முன்னோர் வழிபாடாகவே ஏற்றுக்கொண்டார்கள். அழுதும் கேட்கலாம், கோபித்தும் கேட்கலாம். கோபம் இருக்கும் இடத்தில் உறவும் இருக்கிறது.

மௌனத்தின் வழி

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வதைப் பார்த்திருக்கிறோம். மந்திரம் ஓதுவதில்லை. மௌனமாகச் செய்யும் அந்தப் பூசைக்கு வடமராட்சி மட்டுமல்ல, குடாநாடு முழுவதுமே திரண்டு வரும். பக்திக்கு நீண்ட மந்திரம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குச் சந்நிதி முருகன் நல்ல பதில்.

யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1872இல் பிறந்து 1964இல் சமாதி அடைந்தவர். கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை பார்த்தவர். நல்லூர்த் தேரடியில், பலர் பைத்தியம் என்று ஒதுக்கிய செல்லப்பா சுவாமிகளைக் குருவாகக் கண்டு, பின் கொழும்புத்துறையில் ஒரு குடிசையில் வாழ்ந்தார். அவரிடம் வழக்கறிஞரும் வந்தனர், விவசாயியும் வந்தனர், கிறிஸ்தவரும் வந்தனர். அவரவர் செய்யும் தொழிலையே சிவதொண்டாகச் செய்யச் சொன்னதும், மனதை அடக்கிச் சும்மா இருக்கப் பழகச் சொன்னதும் அவருடைய போதனையின் சாரம். இந்த நாட்டில் இரண்டு வேலை செய்யும் ஒருவருக்கு இதைவிட ஏற்ற உபதேசம் கிடைப்பது கடினம்.

வீட்டில் தொடங்குவது எப்படி?

இடம்: தொடர்மாடி வீட்டில் தனிச் சுவாமி அறை கிடைக்காது. அலுமாரியின் ஒரு தட்டுப் போதும். பத்துப் படங்கள் வேண்டியதில்லை. குலதெய்வமோ இஷ்ட தெய்வமோ, மனம் ஒன்றும் ஒரு வடிவம் போதும். கற்பூரமும் சாம்பிராணியும் புகை அறிவிப்பானை அலற வைக்கும். யன்னலைத் திறந்து வைத்துக் குறைவாகப் பயன்படுத்துங்கள். எரியும் விளக்கை விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.

நேரம்: மார்கழியில் சூரிச்சில் சூரியன் உதிக்கக் காலை எட்டு மணி ஆகும், மாலை ஐந்துக்கு முன் மறைந்துவிடும். ஆனியிலோ இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். ஊர் முறைப்படி சந்தி வேளை பார்த்து வழிபடுவது எல்லோருக்கும் இயலாது. வேலைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம், படுக்குமுன் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் ஒரு மணித்தியாலம் இருந்து ஆறு நாள் விடுவதிலும், தினமும் ஐந்து நிமிடம் இருப்பது உறவை வளர்க்கும்.

விரத நாட்கள்: இலங்கை நேரத்துக்கும் சுவிஸ் நேரத்துக்கும் கோடையில் மூன்றரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் நான்கரை மணித்தியாலமும் வித்தியாசம். ஆகவே திதி தொடங்கும் நேரமும் சில வேளை நாளும் மாறும். ஊர் நாட்காட்டியைப் பார்க்காமல் சுவிஸ் நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பாருங்கள், அல்லது அருகிலுள்ள ஆலயத்தில் கேளுங்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருக்க உடல்நிலையோ வேலையோ இடம் தராவிட்டால் ஒருநேர உணவோடு இருக்கலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது.

ஓதல்: தினமும் பத்துப் பாட்டு வேகமாகச் சொல்வதைவிட, ஒரு பாடலைப் பொருள் விளங்கி ஓதுவது நல்லது. திருஞானசம்பந்தர் திருக்கோணமலைக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் பதிகம் பாடியிருக்கிறார். சுந்தரரும் திருக்கேதீச்சரத்தைப் பாடியிருக்கிறார். எமது நாட்டுக் கடலும் கரையும் திருமுறையில் இருக்கின்றன. அந்தப் பதிகங்களிலிருந்தே தொடங்கினால் பக்தியோடு தாயக நினைவும் சேர்ந்து வரும்.

செபம்: தொடருந்திலும் பேருந்திலும் போகும் நேரம் வீணாகப் போகவேண்டியதில்லை. ஐந்தெழுத்தையோ ஆறெழுத்தையோ மனதுக்குள் சொல்லலாம். பூசலார் செய்ததும் இதுதான். அவருக்கு வெளியே எதுவும் தேவைப்படவில்லை.

பிள்ளைகளின் கேள்விகள்

இங்கு பிறந்த பிள்ளைகள் பள்ளியில் "ஏன்" என்று கேட்கப் பழக்கப்பட்டவர்கள். ஏன் திருநீறு பூச வேண்டும், ஏன் பிள்ளையாருக்கு யானைத் தலை, கடவுள் ஒன்றா பலவா என்று வீட்டிலும் கேட்பார்கள். "கேள்வி கேட்காதே, கும்பிடு" என்று வாயை அடைத்தால் பதினாறு வயதில் அவர்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிச் சேர்ந்து தேடுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் சைவத்தைக் கேள்வியும் பதிலுமாகவே "சைவ வினாவிடை" என்று எழுதி அச்சிட்டார். கேள்வி கேட்பது எமது சமயத்துக்குப் பகை அல்ல.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு நடக்கும். ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் பயன் சொல்வார். ஊரே இருந்து கேட்கும். அதே முறையை வீட்டில் செய்யலாம். அம்மம்மா தமிழில் ஒரு கதை சொல்லட்டும், பேரப்பிள்ளை அதை டொச்சு மொழியில் தன் தம்பிக்குச் சொல்லட்டும். பிள்ளை டொச்சில் கடவுளோடு பேசினால் கடவுளுக்கு விளங்காமல் போகாது. தமிழைப் படிப்பிக்க வேண்டும், ஆனால் தமிழ் தடுமாறுகிறது என்பதற்காகப் பிள்ளை வழிபாட்டையே விட்டுவிடக் கூடாது.

பிற சமயத்தாரின் வாசலில்

ஆவணி மாதத்தை ஒட்டி, பாசலுக்கு அண்மையிலுள்ள மரியாஸ்டைன் திருத்தலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர்களின் யாத்திரை நடைபெறும். அங்கே சைவர்களும் பலர் போவார்கள். மடு மாதா வாசலில் நெற்றியில் திருநீற்றோடு நின்று பழகிய எமக்கு இது புதினமல்ல. தன் வீட்டில் தாயோடு நெருக்கமாக இருப்பவன் அயல்வீட்டுத் தாயையும் மதிப்பான். இறைவனோடு எமக்குள்ள உறவு உறுதியாக இருந்தால் மற்றவரின் நம்பிக்கை எமக்கு அச்சமாகத் தெரியாது.

முடிவாக

ஆலயங்களைக் கட்டிய தலைமுறைக்கு இப்போது வயதாகிறது. முழங்கால் வலியும் பனியும் சேர்ந்து, கோயிலுக்குப் போவதும் குறைகிறது. சிலர் முதியோர் இல்லங்களுக்குப் போய்விட்டார்கள். அங்கே மணியோசை கேட்காது, பிரசாதம் வராது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது. அந்த நாளில் கையில் இருக்கப்போவது இத்தனை ஆண்டுகளாக மனதுக்குள் எழுப்பிய கோயில் மட்டுமே. அதை நடமாட முடிகிற காலத்திலேயே கட்டத் தொடங்க வேண்டும்.

வருகிற தேருக்கும் போவோம், வடமும் பிடிப்போம். அன்று இரவு வீட்டுக்கு வந்ததும், பிள்ளைகளோடு விளக்கின் முன் ஐந்து நிமிடம் இருப்போம். யாரிடமும் சொல்லாத எதையாவது அவனிடம் சொல்வோம்.